நிறுத்தும்போது காரணம் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் வாகனச் சோதனையில் என்னை நிறுத்திய காவலர், எதற்காக நிறுத்தினார் என்பதை முதலில் சொன்னார். 'நீங்க' என்றுதான் பேசினார். ஹெல்மெட் பட்டியைப் போடாததற்கு அபராதமும் விதித்தார். சரி, தவறு என்னுடையது, கோபமே வரவில்லை. பல வருடங்களுக்கு முன் இன்னொருவர், ஒரு தப்பும் செய்யாத என்னை 'வாடா' என்று கூப்பிட்டு அரைமணி நேரம் நிற்கவைத்தது இன்றும் வலிக்கிறது. அப்புறம் வெகுகாலம் சீருடையைக் கண்டாலே ஒதுங்கிப் போனேன்.

1980-களில் சிகாகோ மக்களிடம் ஆய்வு நடத்திய உளவியலாளர் டாம் டைலரும் இதையே கண்டார்: முடிவு சாதகமா என்பதைவிட, நடத்தப்பட்ட விதம் நியாயமா என்பதே மக்களுக்குப் பெரிதாக இருந்தது.

காரணம் சொல்லி, மரியாதையாகப் பேசுவதைப் பயிற்சியிலேயே பழக்க வேண்டும். சாட்சி சொல்ல யாரும் வருவதில்லை என்று வருந்தும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

- ஒரு வாசகர்