கிழக்கு ஜெர்மனியில் ஐந்து கட்சிகள் இருந்தன

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெர்லின் சுவர் பற்றிய ஞாயிறு இதழ்க் கட்டுரையில், கிழக்கு ஜெர்மனியில் ஆளுங்கட்சி தவிர மற்ற கட்சிகள் தடை செய்யப்பட்டிருந்ததாக அச்சாகியிருக்கிறது. இது தவறு. அங்கே ஐந்து கட்சிகள் சட்டப்படி இயங்கின. அப்படியிருந்தும் நாற்பது ஆண்டுகள் ஒரே கட்சி ஆண்டது எப்படி என்பதைத்தான் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

1946 ஏப்ரலில் சோவியத் வசமிருந்த பகுதியில் கம்யூனிஸ்ட் கட்சியோடு சமூக ஜனநாயகக் கட்சியை இணைத்து சோசலிச ஐக்கியக் கட்சியை உருவாக்கினார்கள். நாற்பது ஆண்டுகள் ஆண்ட கட்சி இதுதான். மேற்கு பெர்லின் பகுதிகளில் சமூக ஜனநாயகக் கட்சியினரிடம் கருத்துக் கேட்டபோது, 82 சதவீதம் பேர் உடனடி இணைப்பு வேண்டாம் என்றார்கள். கிழக்கில் அந்த வாக்கெடுப்பையே சோவியத் அதிகாரிகள் நடத்தவிடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பெர்லின் நகரத் தேர்தலில் புதிய கட்சிக்கு 20 சதவீதம்கூடத் தேறவில்லை.

1950 முதல் எல்லாக் கட்சிகளுக்கும் சேர்த்து ஒரே வேட்பாளர் பட்டியல். யாருக்கு எத்தனை இடம் என்பது வாக்குப்பதிவுக்கு முன்பே முடிவாகிவிடும். 1986இல் நாடாளுமன்றத்தின் 500 இடங்களில் ஆளுங்கட்சிக்கு 127தான். மற்ற நான்கு கட்சிகளுக்கும் தலா 52. சிறுபான்மைக் கட்சி போலத் தெரியும். சூட்சுமம் மீதி 165 இடங்களில் இருந்தது. தொழிற்சங்கம், இளைஞர், மகளிர், பண்பாடு, விவசாயிகள் அமைப்புகளுக்கென ஒதுக்கிய அந்த இடங்களில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆளுங்கட்சி உறுப்பினர்களே. நான்கு கட்சிகளில் இரண்டு, 1948இல் மற்ற இரண்டின் செல்வாக்கைப் பிரிப்பதற்காகவே மேலிடத்து ஏற்பாட்டில் தொடங்கப்பட்டவை. 1972 மார்ச்சில் கருக்கலைப்புச் சட்டத்தை, அந்த நான்கில் ஒன்றான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர்கள் 14 பேர் எதிர்த்தார்கள், 8 பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். 1989 வரை அந்த மன்றத்தில் எதிர்ப்பு வாக்கு விழுந்தது அந்த ஒரு முறைதான்.

வாக்களிப்பதை மக்கள் 'தாள் மடிக்கப் போவது' என்றே சொன்னார்கள். சீட்டில் குறியிட இடமே கிடையாது. வாங்கி, மடித்து, பெட்டியில் போட்டால் ஆதரவு. எதிர்க்க வேண்டுமானால் ஒவ்வொரு பெயரையும் அடிக்க வேண்டும். அதற்கு மறைப்புக்குள் போக வேண்டும். யார் போகிறார் என்பதை அறையில் இருக்கும் எல்லோரும் பார்ப்பார்கள்.

எண்ணிக்கையைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று மட்டும் சட்டத்தில் இருந்தது. 1989 மே 7 உள்ளாட்சித் தேர்தலில் குடிமக்கள் உரிமைக் குழுவினர் அதைப் பயன்படுத்தி, பெர்லினின் வைசென்ஸே வட்டாரச் சாவடிகளில் நின்று எதிர்ப்பு வாக்குகளைக் குறித்துக்கொண்டார்கள். அன்றிரவு நாடு முழுக்க 98.85 சதவீத ஆதரவு என்று அறிவித்தார்கள். வைசென்ஸேயில் அவர்கள் குறித்த கணக்கு, அந்த வட்டாரத்துக்கு அறிவிக்கப்பட்ட எதிர்ப்பு வாக்குகளைவிட அதிகமாக இருந்தது. அதன்பின் மாதந்தோறும் 7ஆம் தேதி அலெக்சாண்டர் சதுக்கத்தில் கண்டனம் எழுந்தது. நாட்டை வழிநடத்துவது ஆளுங்கட்சியே என்ற விதி டிசம்பர் 1 அன்று அரசியலமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. 1990 மார்ச் 18இல் நடந்த சுதந்திரத் தேர்தலில், பெயர் மாற்றி நின்ற அதே கட்சிக்குக் கிடைத்தது 16.4 சதவீதம்.

திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்