திருப்பணி நிறைவு அறிக்கை: விமானத்தை உரசிய மரக்கிளைகள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அம்மன் சந்நிதி விமானத்தின் தென்மேற்கு மூலையை உரசிச் சுதைச் சிற்பங்களைத் தேய்த்துக்கொண்டிருந்த நான்கு கிளைகளும் கழிக்கப்பட்டுவிட்டன. சாரம் கட்ட இடம் கிடைத்துவிட்டது. நாலு கிளைக்கு இத்தனை மாதமா என்று பலரும் கேட்டதால் நடந்ததை விவரமாக எழுதுகிறோம்.

அந்த மரம் கோஸ்டல் ரெட் மில்க்வுட். நம் மகிழ மரத்துக்குப் பங்காளி. இரண்டும் மிமூசாப்ஸ் பேரினம். தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு 84ஆம் எண் தேசிய வனச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட மரம். சட்டத்தின் 15ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் வெட்டுவதோடு சேதப்படுத்துவதையும் தொந்தரவு செய்வதையும் தடுக்கிறது. ஆகவே கிளை கழிப்பதும் அதில் அடங்கும். மரம் கோயில் மனைக்குள் நிற்கிறது என்பதால் விலக்குக் கிடையாது. மீறினால் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

வனம், மீன்வளம், சுற்றுச்சூழல் துறைக்கு விண்ணப்பத்தோடு நிலப் பத்திர நகல், கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் தரும் குழுத் தீர்மானம், அவருடைய அடையாள அட்டை நகல், இட வரைபடம், படங்கள் ஆகியவற்றை அனுப்பினோம். முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. ‘கிளைகளைக் கழிக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதியதுதான் பிழை. எந்தக் கிளை, எவ்வளவு என்று தெரியாமல் யாரும் அனுமதி தர முடியாது. இரண்டாம் முறை ஒவ்வொரு கிளையிலும் எண் எழுதிய துணி கட்டிப் படம் எடுத்து, அடிக் குறுக்களவையும் குறித்தோம்: 9, 11, 12, 16 சென்டிமீட்டர். பெயரிலும் கவனம் வேண்டும். இந்த மரத்தின் பழைய தாவரவியல் பெயர் ‘மிமூசாப்ஸ் காஃப்ரா’. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ‘காஃப்ரா’ என்ற சொல்லைத் தாவரப் பெயர்களில் ‘அஃப்ரா’ என்று மாற்ற 2024இல் மாட்ரிட் தாவரவியல் மாநாடு முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் பழைய பட்டியல்களில் பழைய பெயரே இருப்பதால் விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதினோம்.

வெட்டிய கட்டையையும் மறக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட மரத்தின் கட்டையை வைத்திருக்கவும், ஏற்றிச் செல்லவும், அன்பளிப்பாகக் கொடுக்கவும்கூட லைசென்ஸ் வேண்டும். ஹோமத்துக்குக் கேட்டவர்களுக்கு மறுத்தது அதனால்தான். பச்சைக் கட்டையோடு, மரத்தைத் துளைத்துக் கெடுக்கும் ஷாட் ஹோல் போரர் வண்டும் ஊர்விட்டு ஊர் போகும். எனவே கிளைகளைத் துண்டாக்கி அதே மரத்தடியில் 7 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினோம். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறோம். தண்டோடு ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும்.

வேலைக்கு வந்த ஒரு ஒப்பந்தக்காரர் உச்சியையே வெட்டித் தள்ளிவிடலாம் என்றார். ஏற்கவில்லை. உச்சியை மொட்டையடித்தால் பலவீனமான துளிர்கள் கொத்தாகக் கிளம்பும். அடுத்த புயல்காற்றில் அவைதான் விமானத்தின்மேல் முறிந்து விழும். எங்கள் வேலையில் ஒவ்வொரு கிளைக்கும் மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, முதலில் கிளையின் கீழ்ப்புறத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு. சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது, அதில் பாரம் இறங்கிவிடும். கடைசியாக, கிளை தண்டோடு சேருமிடத்தில் புடைத்த வளையத்துக்கு வெளியே அடிக்கட்டையை எடுப்பது. முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளை விழும்போது தண்டுப் பட்டையும் கிழிந்து வரும். வளையத்தையே வெட்டினால் காயம் மூடாது. தாரோ பெயின்டோ பூசவில்லை; அது உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஏறுபவர் முள்காலணி அணியவில்லை, கயிறு மட்டும். பறவைகள் கூடு கட்டத் தொடங்குமுன், குளிர்காலத்திலேயே முடித்தோம்.

60 ஆண்டு தாண்டிய கட்டடத்தை மாற்றுவதற்குப் பாரம்பரியச் சட்டப்படி தனி அனுமதி தேவை. மர லைசென்ஸ் அதற்குச் செல்லாது.

காவடிக்கும் பெரிய வெள்ளித் திருவிழாவுக்கும் இந்த மரத்தில் ஆணி அடிக்கவோ, விளக்குக் கம்பி சுற்றவோ, பந்தல் கயிறு இறுக்கவோ வேண்டாம். பந்தலுக்குத் தனிக் கம்பங்கள் கிட்டங்கியில் இருக்கின்றன. தீமிதிக் குழியைக் கிளைகளின் நிழல் விழும் வட்டத்துக்கு வெளியே வெட்ட வேண்டும். வேர்கள் அந்த வட்டம் முழுக்க ஆழமில்லாமல் ஓடுகின்றன.