லிஃப்ட் பக்கத்துல ஒட்டியிருக்கிற அந்த பேப்பரை எடுத்துடுங்க சார்

எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி சாருக்கும் கமிட்டில இருக்கிற மத்த எல்லாருக்கும்,

வணக்கம். நான் சி பிளாக் மூணாவது மாடில வாடகைக்கு இருக்கேன். மீட்டிங்ல ஓனர்ஸ் மட்டும் தான் பேசலாம்னு சொல்லிட்டதால இத எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதி போடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

போன ஞாயித்துக்கிழமை காலைல பால் வாங்க கீழ இறங்கும்போது தான் அந்த பேப்பர பாத்தேன். "டிகிரி முடிச்சவங்களுக்கும் இன்கம் டாக்ஸ் கட்டுறவங்களுக்கும் மட்டுமே ஓட்டுரிமை"ன்னு மேல பெருசா போட்டு, அதுக்கு கீழ "கிராமத்துலயும் சின்ன ஊர்லயும் 500 ரூபாய்க்கும் பிரியாணிக்கும் ஓட்ட விக்கிறாங்க, அவங்க கொண்டு வர்ற ஆட்சிய நாம சுமக்கிறோம்"னு எழுதி, அதுக்கும் கீழ கையெழுத்து. நான் எண்ணும்போது 23 இருந்துச்சு. என் பொண்ணு ரெண்டாவது படிக்கிறா, இப்ப தான் எழுத்துக்கூட்டி படிக்க பழகுறா, கண்ணுல படுற போர்டு எல்லாத்தையும் சத்தமா படிப்பா. அதையும் படிச்சா. படிச்சிட்டு "சின்ன ஊருன்னா நம்ம ஆயா ஊராம்மா"ன்னு கேட்டா. லிஃப்ட்ல இன்னும் ரெண்டு பேர் நின்னுட்டு இருந்தாங்க, அவங்க பேர் அந்த 23ல இருக்கான்னு எனக்கு தெரியாது, ஆனா ரெண்டு பேருமே போன எடுத்து பாக்க ஆரம்பிச்சிட்டாங்க.

அதனால கேக்க வேண்டியத முதல்லயே கேட்டுடுறேன். அந்த பேப்பரை எடுத்துடுங்க. அது பொது இடம், நாங்களும் மெயின்டனன்ஸ் கட்டுறோம்.

எங்க ஊரு சின்னசேலம் பக்கம், கள்ளக்குறிச்சி ஜில்லா. எனக்கு ஓட்டு இன்னும் அங்க தான் இருக்கு. இங்க மாத்திக்க வேண்டியது தானேன்னு நிறைய பேர் கேக்குறாங்க, ஆறு வருஷத்துல மூணு வீடு மாறியிருக்கோம் சார், எந்த அட்ரஸ்ல மாத்துறது. அதோட எங்கம்மா அங்க தான் இருக்காங்க, எங்க தெரு கொழாயில என்னைக்கு தண்ணி வரும், அம்மா ஏறுற டவுன் பஸ் வருமா வராதாங்கறது தான் எனக்கு தினம் ராத்திரி போன்ல ஓடுற பேச்சு. இங்க பக்கத்து ரோட்டுல பள்ளம் இருந்தா நானும் தான் விழுறேன், அத இல்லன்னு சொல்லல, ஆனா மனசு எங்க இருக்கோ அங்க தான் ஓட்டு.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை எம்.பி. தேர்தல். வியாழக்கிழமை ஆபீஸ் முடிச்சு, பொண்ண கூட்டிட்டு, துணி பை ஒண்ணு, இட்லி பார்சல் ஒண்ணு, ஏழரை மணிக்கெல்லாம் பெருங்களத்தூர்ல ரோட்டோரம் வந்து நின்னேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கல. அன்னைக்கு அங்க நின்ன கூட்டத்த நீங்க டிவில பாத்திருப்பீங்க, பொங்கலுக்கு தீபாவளிக்கு நிக்கிற மாதிரி தான், ஆனா யார் கையிலயும் ஸ்வீட் பாக்ஸ் இல்ல, புதுத்துணி இல்ல, ஓட்டர் ஐடிய மட்டும் சட்டைப் பையில வச்சுக்கிட்டு வந்த கூட்டம். வர்ற பஸ் எல்லாம் படிக்கட்டு வரைக்கும் நெறஞ்சு நிக்காம போகுது. தனியார் பஸ் ஒண்ணு நிறுத்தி சீட்டுக்கு 1,200 கேட்டான், குழந்தைக்கும் சேத்து 2,400, எனக்கு அது நாலு நாள் சம்பளம். வேணாம்னு நின்னோம். பதினோரு மணிக்கு மேல பொண்ணு பை மேலயே உக்காந்து தூங்கிட்டா, கொசு மொய்க்குது, நான் துப்பட்டாவ எடுத்து அவ கால் மேல போத்திட்டு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கை காட்டிக்கிட்டே இருந்தேன். பன்னெண்டே முக்காலுக்கு சேலம் பஸ் ஒண்ணு நின்னுச்சு. உள்ள ஒத்தக்கால்ல தான் நிக்க முடிஞ்சுது. செங்கல்பட்டு தாண்டினதும் ஒரு அம்மா பொண்ண வாங்கி மடில போட்டுக்கிட்டாங்க, நான் உளுந்தூர்பேட்டை வரைக்கும் கம்பிய புடிச்சு நின்னுட்டு தான் போனேன்.

அந்த அம்மா துரைப்பாக்கத்துல கட்டடத்துல சித்தாளு வேல பாக்குறவங்க, ஆத்தூர் பக்கம் ஊரு. கால் விரல் இடுக்குல சிமென்ட் அப்படியே இருந்துச்சு, கழுவ கூட நேரமில்லாம பஸ் ஏறியிருக்காங்க. ரெண்டு நாள் கூலி போகுதேன்னு கேட்டேன். "ஒரு வாட்டி போடாம வுட்டா பேர எடுத்துடுவாங்கம்மா, அப்புறம் நான் எந்த ஊருக்காரின்னு சொல்றது"ன்னாங்க. இவங்க பிரியாணிக்காக போறவங்கன்னு தான் சார் நீங்க லிஃப்ட் பக்கத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க.

காலைல ஆறு மணிக்கு ஊர் போய் சேந்தோம். குளிச்சிட்டு அம்மாவ கூட்டிட்டு போய் எட்டு மணிக்குள்ள ஓட்டு போட்டோம். சனிக்கிழமை எனக்கு வேல நாள், அன்னைக்கு ராத்திரியே திரும்ப பஸ்.

இப்ப நம்ம பில்டிங் கதைக்கு வரேன். இதத்தான் எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியல. கேட்ல நிக்கிற நம்ம வாட்ச்மேன் அண்ணனுக்கு உளுந்தூர்பேட்டை பக்கம் ஓட்டு. ரெண்டு நாள் லீவு கேட்டிருக்காரு. வெள்ளி சனி ஞாயிறு தொடர்ந்து லீவுங்கறதால பாதி வீட்டுக்காரங்க வியாழக்கிழமை சாயங்காலமே ஊட்டி, பாண்டிச்சேரின்னு கார்ல கெளம்பிட்டாங்க, பில்டிங் காலியா இருக்கும்போது தான் செக்யூரிட்டி கட்டாயம் வேணும்னு சொல்லி அவருக்கு லீவு குடுக்கல. நம்ம வாக்குச்சாவடி எதிர் தெரு ஸ்கூல் சார், கேட்டுல இருந்து பாத்தா தெரியும். அந்த அண்ணன் நாள் முழுக்க அத பாத்துக்கிட்டு, உங்க காரெல்லாம் இல்லாத பார்க்கிங்க காவல் காத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. சனிக்கிழமை விடியக்காலைல நான் பையோட வந்து இறங்கினப்ப என் விரல பாத்துட்டு "போட்டுட்டியாம்மா"ன்னு கேட்டாரு. அவர் விரல்ல மை இல்ல. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

தேர்தல் அன்னைக்கு ஓட்டு இருக்கிற தொழிலாளிக்கு சம்பளத்தோட லீவு குடுக்கணும்னு 1951 மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்துல 135பின்னு ஒரு பிரிவே இருக்கு. குடுக்காத முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைக்கும். எங்க ஊர் ஓட்டுக்கு நீங்க போட்டிருக்கிற ரேட்டும் அதே 500 தான்.

அந்த தேர்தல்ல கள்ளக்குறிச்சி தொகுதில 79 சதவீதம் பேர் ஓட்டு போட்டாங்க. தர்மபுரில 81. நம்ம வேளச்சேரி வர்ற தென்சென்னைல 54, மத்திய சென்னைல அந்த 54 கூட முழுசா வரல. நான் இத சண்டைக்காக சொல்லல, சென்னைக்காரங்க எல்லாரையும் சேத்தும் சொல்லல. நம்ம பில்டிங்ல மாடிப்படி கூட்டுற அக்கா கண்ணகி நகர்ல இருந்து வராங்க, அவங்களுக்கு சென்னை ஓட்டு தான், காலைல முத ஆளா போட்டுட்டு தான் வேலைக்கு வந்தேன்னு சொன்னாங்க. அவங்களுக்கும் டிகிரி கிடையாது, அவங்களும் இன்கம் டாக்ஸ் கட்டல. உங்க பேப்பர் படி பாத்தா அவங்க ஓட்டும் போயிடும், வாட்ச்மேன் அண்ணன் ஓட்டும் போயிடும், எங்கம்மா ஓட்டும் போயிடும்.

காசு விஷயத்துக்கு வரேன், அத நழுவ விரும்பல. எங்க தெருவுலயும் காசு குடுத்தாங்க. எங்கம்மா வாங்கல, பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு கட்சிக்காரங்க கிட்டயும் வாங்கினாங்க, வாங்கிட்டு மூணாவது ஆளுக்கு குத்தினாங்க. வாங்கினது தப்பு தான், நான் அவங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன். ஆனா குடுத்தவன் யாரு, அந்த பணம் எந்த ஊர்ல இருந்து வண்டி ஏறி வருதுன்னு கேக்காம வாங்குனவள மட்டும் ஊர் பேர் சொல்லி திட்டுறது என்ன நியாயம்? 2016ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர்ல பணப்பட்டுவாடாவுக்காக தேர்தல நிறுத்துனாங்க, 2019ல வேலூர்ல நிறுத்துனாங்க, இதெல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. 2017 ஏப்ரல்ல அதே காரணத்துக்காக நிறுத்துன இடைத்தேர்தல் ஆர்.கே.நகர் சார். அது சென்னைக்குள்ள தான இருக்கு.

படிச்சவங்க ஓட்டு போட்டா சரியான ஆள் வருவாங்கன்னு எழுதியிருக்கீங்க. 2021 சட்டசபை தேர்தல்ல சென்னைல இருக்கிற 16 தொகுதியும் திமுக கூட்டணிக்கு போச்சு, கோயம்புத்தூர் ஜில்லாவுல இருக்கிற 10 தொகுதியும் அதிமுக கூட்டணிக்கு போச்சு. ரெண்டுமே காலேஜும் கம்பெனியும் நெறஞ்ச ஊரு. இதுல எந்த ஊர்க்காரங்க படிச்சவங்க, எந்த ஊர்க்காரங்க படிக்காதவங்க? ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கணக்கு இருக்கு, ஒரு கோவம் இருக்கு, அத வச்சு தான் எல்லாரும் போடுறோம்.

வரி கட்டுறவங்களுக்கும் படிச்சவங்களுக்கும் சொத்து இருக்கிறவங்களுக்கும் மட்டும் ஓட்டுங்கறது புது யோசனை இல்ல. வெள்ளக்காரன் 1935 சட்டத்துல அப்படித்தான் வச்சிருந்தான், ஜனத்தொகைல பெரும்பகுதிக்கு ஓட்டே கிடையாது. எங்க தாத்தா கூலிக்காரர், அவருக்கு கிடைச்ச முத ஓட்டு 1952ல. வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு அரசியல் சட்டம் 326ஆவது பிரிவுல எழுதினதால கிடைச்சது அது. அத திரும்ப புடுங்கணும்னு 23 பேர் கையெழுத்து போட்டு, எங்க வீட்டுப் பிள்ளைங்க தினம் ஏறி இறங்குற இடத்துல ஒட்டுவீங்களா?

இதோட நிறுத்திக்கலாம்னு தான் நெனச்சேன், ஆனா இன்னொன்னு மனசுல இருக்கு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில விஷச்சாராயத்துல 60 பேருக்கு மேல செத்தாங்க. அன்னைக்கு நம்ம வாட்ஸ்அப் குரூப்ல "குடிச்சு செத்தவனுக்கு 10 லட்சம், எல்லாம் நம்ம வரிப்பணம்"னு ஒருத்தர் போட்டாரு, கீழ வரிசையா கை தட்டுற பொம்மை. கள்ளக்குறிச்சி டவுன் கருணாபுரத்துல செத்தவங்கள்ல நிறைய பேர் தினக்கூலிக்கு போறவங்க, அப்பா அம்மா ரெண்டு பேரையும் ஒரே நாள்ல இழந்த பிள்ளைங்க இருந்தாங்க. கள்ளக்குறிச்சி எங்க ஊரு ஜில்லா தலைநகரம் சார். நான் அன்னைக்கு குரூப்ல எதுவும் பேசல, வாடகை வீடு, எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன். இப்ப நெனச்சா அன்னைக்கே பேசியிருக்கணும்.

சென்னைக்கு மெட்ரோ ரெண்டாம் கட்டம் வருது, 63,246 கோடி. வரட்டும், நானும் தான் ஏறப் போறேன், எங்க ஊர்ல யாரும் அத இலவசம்னு சொல்லி திட்டல. சின்னசேலத்துல இருந்து கள்ளக்குறிச்சிக்கு 16 கிலோமீட்டர் சொச்சம் ரயில் பாதை, எத்தன வருஷமா பேசிக்கிட்டே இருந்தாங்க தெரியுமா. எங்கம்மா சுகர் மாத்திரைக்கு கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு போக வர டவுன் பஸ்ல காசு இல்லாம போறாங்க, அந்த மிச்சத்துல தான் அன்னைக்கு டீயும் பன்னும். அதுக்கு ஓட்டு போட்டா ஓட்ட வித்ததா ஆயிடுமா? மெட்ரோ ஸ்டேஷன் நம்ம கேட்டுக்கு பக்கத்துல வரணும்னு இதே கமிட்டி மனு குடுத்துச்சே, அது மட்டும் கோரிக்கையா?

கோவத்துல நெறய பேசிட்டேன். உங்கள்ல பல பேர் எனக்கு உதவி செஞ்சிருக்கீங்க, பொண்ணுக்கு காய்ச்சல் வந்தப்ப ராத்திரி கார்ல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனது பி பிளாக் அங்கிள், அவர் கையெழுத்தும் அந்த பேப்பர்ல இருக்கு, அத பாத்தப்ப தான் ரொம்ப வலிச்சுது. அவருக்கு எங்கம்மாவ தெரியும், அவங்க குடுத்தனுப்புன முறுக்கு சாப்பிட்டிருக்காரு. எங்கம்மாவ நெனச்சு அவர் கையெழுத்து போட்டிருக்க மாட்டாரு, அத நான் நம்புறேன். ஆனா அந்த நாலு வரி அவங்கள தான் சொல்லுது.

அதனால மறுபடியும் பணிவா கேக்குறேன். அந்த பேப்பரை எடுத்துடுங்க. கமிட்டி கூட்டி தீர்மானம் போட்டெல்லாம் எடுக்க வேணாம், நாலு மூலைல டேப், அவ்ளோ தான்.

அதோட இன்னொரு விண்ணப்பம். வர்ற தேர்தலுக்கு வாட்ச்மேன் அண்ணனுக்கு ரெண்டு நாள் சம்பளத்தோட லீவு குடுங்க, போக ஒரு நாள் வர ஒரு நாள் அவருக்கு கண்டிப்பா வேணும். நோட்டீஸ் போர்டுல தேதி போட்டு முன்னாடியே ஒட்டிட்டீங்கன்னா அவர் பஸ் டிக்கெட் எடுத்து வச்சுக்குவாரு. மாத்து ஆளுக்கு ஆகுற செலவுல எங்க வீட்டு பங்கு எவ்ளோன்னு சொல்லுங்க, அடுத்த மாச மெயின்டனன்ஸோட சேத்து கட்டிடுறேன்.

இப்படிக்கு,
சி பிளாக், மூணாவது மாடி