பொருள்: ஏப்ரலில் தண்ணீருக்கடியில் கிடக்கும் தீவை எங்களுக்கு விற்றது பற்றி

ஐயா / அம்மா,

ஆற்றுத் தீவில் தங்க முடியாமல் போனதற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்ட என் கடிதத்துக்கு உங்கள் பயண நிறுவனத்தின் பதில் வந்தது. "ஜாம்பெசி ஆற்றில் ஏற்பட்ட எதிர்பாராத வெள்ளம் இயற்கைச் சீற்றம் என்பதால் பணம் திருப்பித் தர இயலாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'எதிர்பாராத' மட்டும் இல்லையென்றால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

ஜாம்பியா பயணத்துக்காக நாங்கள் இருவரும் கட்டிய பணத்தில் 1,38,000 ரூபாய் ஆற்றுத் தீவில் மூன்று இரவு தங்குவதற்கு மட்டும். உங்கள் ரசீதிலேயே தனி வரியாக இருக்கிறது. என் கணவர் ரயில்வேயில் 36 வருடம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்கம், யானை எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். ஆற்று நடுவே குடிசை வாசலில் நாற்காலியைப் போட்டு, நீர்யானை உறுமுவதைக் கேட்டுக்கொண்டு, அலாரம் வைக்காமல் மூன்று நாள் சும்மா கிடக்கலாம் என்று சொல்லித்தான் அவரை விமானம் ஏற்றினேன்.

ஏப்ரல் 9 மதியம் விக்டோரியா அருவிக்குப் பக்கத்து ஊரான லிவிங்ஸ்டனிலிருந்து வண்டியில் கூட்டிப்போய்க் கரையில் இறக்கினார்கள். படித்துறையில் நாலு படி தெரிந்தது, மீதி தண்ணீருக்குள். படகுக்காரர் ஆற்று நடுவே வரிசையாக நின்ற மரத்தலைகளைக் காட்டி, "அதுதான் உங்கள் தீவு. பிப்ரவரி கடைசியிலேயே மூடிவிட்டோம், வருடா வருடம் இப்படித்தான், உங்கள் ஏஜெண்டுக்குத் தெரியுமே" என்றார். ஒரு கூரையின் முகடு மட்டும் வெளியே நின்றது. அதன்மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பணத்தில் அந்தத் தீவில் தங்கியது அது ஒன்றுதான்.

நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள், ஆற்றுக்கு நடுவிலேயே குடியிருப்பவர்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜாம்பெசியும் அப்படித்தான், என்ன, இன்னும் நிதானம். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடமேற்கு ஜாம்பியாவிலும் அங்கோலாவிலும் பெய்கிற மழை பரோட்சே சமவெளியில் பரவி நின்று, வாரக்கணக்கில் மெதுவாக வடிந்து, விக்டோரியா அருவிப் பக்கம் ஏப்ரல் வாக்கில்தான் உச்சத்துக்கு வருகிறது. அந்தச் சமவெளியில் வாழும் லோசி மக்களின் அரசர், வெள்ளம் ஏறியதும் லியலுயி அரண்மனையை விட்டு நாலிக்வாண்டா என்ற பெரிய படகில் ஏறி மேட்டிலுள்ள லிமுலுங்காவுக்குப் போய்விடுவார். குவோம்போக்கா என்று அதைத் திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள். ராஜாவே வீட்டைக் காலி செய்கிற பருவத்தில் எங்களுக்குக் குடிசை பதிவு செய்திருக்கிறீர்கள்!

இதைவிட வேடிக்கை உங்கள் பயணத் திட்டத்தின் 4ஆம் பக்கம். "ஏப்ரலில் விக்டோரியா அருவி முழு வேகத்தில் கொட்டும், மழைக்கோட்டு கொண்டு வரவும்" என்று போட்டிருக்கிறீர்கள். உண்மைதான், 108 மீட்டர் பள்ளத்தில் ஆறு மொத்தமும் விழுந்து கிளம்புகிற புகையில் எதிரே எதுவும் தெரியவில்லை, உள்ளாடை வரை நனைந்தோம். அது சரி, 4ஆம் பக்கத்தில் தெரிந்த வெள்ளம் 5ஆம் பக்கத்தில் தீவைப் பற்றி எழுதும்போது எப்படி எதிர்பாராததாகிவிட்டது?

மாற்று ஏற்பாடு என்று நீங்கள் கொடுத்தது ஊருக்குள் மெயின் ரோட்டு ஓரம் ஒரு அறை. ஆறு கண்ணில் படவில்லை. விடிந்ததிலிருந்து அருவி பார்க்கப் போகிற ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேல், ராத்திரியானால் லாரிகள். இவர் இரண்டாம் நாளே "இதற்கு நம்ம ஜங்ஷனே தேவலை" என்றுவிட்டார். அங்கே வேலை செய்தவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நாங்கள் சைவம் என்றதும் சமையல்காரம்மா களி மாதிரியான நிஷிமாவோடு கீரையும் நிலக்கடலையும் சேர்த்துத் தினமும் செய்து கொடுத்தார்.

அந்த அறைக்கு இரவுக்கு 6,500 ரூபாய் வாடகை என்று வரவேற்பில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று இரவுக்கு 19,500 போக மீதி 1,18,500 ரூபாயை 15 நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். அடுத்த பயணத்தில் தள்ளுபடிக் கூப்பன் என்று உங்கள் அலுவலகப் பெண் போனில் சொன்னது வேண்டாம். வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன், திருச்சிக்கு நீங்கள்தான் வந்து போக வேண்டியிருக்கும்.

ரசீது, 4ஆம் 5ஆம் பக்கங்கள், படித்துறையில் எடுத்த படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். இனி போனில் கூப்பிட வேண்டாம். எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்