மருத்துவமனை நிர்வாகம் படிப்பவர்களுக்கு ரோஸ்டர் வழிவிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் ‘வேலை பார்த்துக்கொண்டே மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம்’ என்ற விளம்பரங்கள் தில்லியில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படுகின்றன. மயூர் விஹாரிலும் முனிர்காவிலும் குடியிருந்துகொண்டு நர்ஸ், லேப் டெக்னீஷியன், பில்லிங், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் என்று வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் இந்தப் படிப்பில் சேருகிறார்கள். சேர்வது நல்ல முடிவுதான். ஆனால், பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை விளம்பரம் சொல்லாது. இத்துறையில் வேலை செய்பவர்களும் பாடம் எடுப்பவர்களுமாகிய நாங்கள் அவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் நேரக் கணக்கு. திறந்தநிலைப் படிப்பில் ஒரு கிரெடிட் என்பது சுமார் 30 மணி நேரப் படிப்பு. ஒரு செமஸ்டருக்கு 20 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். அதை 26 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 23 மணி நேரம் வருகிறது. ஷிப்ட் மாறிமாறிப் பார்க்கும் ஒரு நர்ஸுக்கு, குழந்தையும் சமையலும் போக, வாரம் 23 மணி நேரம் எங்கிருந்து வரும்? பாதியும் கிடைக்காது. எனவே இரண்டு ஆண்டில் முடித்தே தீர வேண்டும் என்று இறங்க வேண்டாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்பிஏவை இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் முடிக்கலாம். மூன்றாண்டுத் திட்டம் போட்டுக்கொள்வதே நியாயம். ஒரு செமஸ்டரில் தேர்வு எழுதாவிட்டாலும் அடுத்த செமஸ்டருக்கு மறுபதிவு செய்யலாம். ‘பாஸ் பண்ணிட்டுப் பதிவு பண்ணிக்கலாம்’ என்று காத்திருப்பவர்கள் ஆறு மாதத்தை இழந்துவிடுகிறார்கள். அசைன்மென்டைக் குறித்த தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலான பாடங்களில் 30 விழுக்காடு மதிப்பெண் அதிலிருந்துதான் வருகிறது.

மாலை வகுப்பு என்றால் தில்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்எம்எஸ் நடத்தும் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ ஹெல்த்கேர் அட்மினிஸ்ட்ரேஷன் நல்ல படிப்பு. ஆனால் காலை 8 முதல் 2, பகல் 2 முதல் இரவு 8, இரவு 8 முதல் காலை 8 என்று வாரம் ஒரு ஷிப்டாகச் சுழல்பவர் அதில் எத்தனை வகுப்புக்குப் போக முடியும்? பகல் ஷிப்ட் வாரம் முழுதும் போய்விடும். நைட் ட்யூட்டி வாரத்தில் வகுப்பு முடிவதற்குள் ஹேண்டோவருக்கு ஓட வேண்டும். மூன்றில் ஒரு வாரம்தான் முழுசாகத் தேறும். 75 விழுக்காடு வருகை கேட்கும் எந்தப் படிப்புக்கும் இது போதாது. ஜெனரல் ஷிப்டில் இருக்கும் பில்லிங், குவாலிட்டி, ஸ்டோர்ஸ் ஆட்களுக்கு மாலை வகுப்பு சரிவரும். வார்டில் இருப்பவர்கள், காலை ஷிப்டை நிலையாகத் தருவதாக நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் எழுத்தில் கொடுக்கும்வரை மாலை வகுப்பில் சேர வேண்டாம். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் எக்ஸிகியூட்டிவ் டிப்ளமோ போன்ற கலப்புமுறைப் படிப்புகளில் நேரடி வகுப்புகளுக்காகச் சில நாட்கள் அங்கேயே போய்த் தங்க வேண்டும். ரயில் டிக்கெட்டையும் விடுப்பையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எய்ம்ஸில் உள்ள மருத்துவமனை நிர்வாக எம்டி, எம்பிபிஎஸ் முடித்த டாக்டர்களுக்கானது.

அடுத்தது அங்கீகாரம். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிது என்பது மட்டும் போதாது. இணையவழி, தொலைநிலைப் படிப்பு என்றால் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப் வெளியிடும் பட்டியலில், நீங்கள் சேரப்போகும் ஆண்டுக்கு, அந்தப் படிப்பின் பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து, துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுத் தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளையும் உளவியல், ஊட்டச்சத்து போன்றவற்றையும் இந்த முறைகளில் நடத்த யுஜிசி தடை விதித்துவிட்டது. படிப்புகளின் பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் சரிபார்த்துவிடுவது நல்லது. சேர்வதற்கு டெப் ஐடி கட்டாயம். அதற்கு முன், கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்குக்கான ஏபிசி ஐடி வேண்டும். இரண்டையும் மாணவரே தன் ஆதாரை வைத்து உருவாக்க வேண்டும். ‘ஓடிபி மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்’ என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் எதையும் கொடுக்க வேண்டாம். சேர்க்கை உறுதியாவதற்கு முன்பே இஎம்ஐ ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இணையவழிக் கல்வி நடத்தும் எட்டெக் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தரும் இணையவழிப் பட்டங்கள் செல்லாது என்று யுஜிசி 2023 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது.

மத்திய அரசு மருத்துவமனை ஊழியர்கள் எந்தப் படிப்பானாலும் எழுத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். வாங்காவிட்டால், பட்டத்தை சர்வீஸ் புக்கில் ஏற்றும்போது இழுபறிதான். முழுநேரம் படிக்க நினைப்பவர்களுக்கு ஐந்தாண்டுப் பணிக்குப் பின் படிப்பு விடுப்பு உண்டு. மொத்தப் பணிக்காலத்தில் 24 மாதம் வரை கிடைக்கும், கூடவே, திரும்பி வந்து வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுக்கும் பாண்டும் உண்டு.

இனி, பட்டத்துக்காகச் செய்ய வேண்டிய ப்ராஜெக்ட். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். தில்லியில் பத்துப் பேரில் ஏழு பேர் எடுக்கும் தலைப்பு ‘டிஸ்சார்ஜ் தாமதம்’ என்றே சொல்லலாம். நல்ல தலைப்புதான், அளக்கும் விதத்தில்தான் கோளாறு. கம்ப்யூட்டரிலிருந்து எடுப்பது சுலபம் என்பதால் பில் திறந்த நேரத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். டாக்டர் டிஸ்சார்ஜுக்கு ஒப்புதல் கொடுத்த நேரத்திலிருந்து நோயாளி வார்டைவிட்டு வெளியேறும் வரை என்பதே மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பின் கணக்கு. ரவுண்ட்ஸில் காலை 10 மணிக்கு ‘போகலாம்’ என்று சொல்லிவிட்டு டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விடுவார். டிஸ்சார்ஜ் சம்மரியை டைப் செய்ய ரெசிடென்ட் டாக்டர் பிற்பகலில்தான் வருவார். மீந்த மருந்து பார்மசிக்குத் திரும்பி, ரிட்டர்ன் என்ட்ரி விழுந்த பிறகே பில் மூடப்படும். அளக்கப்படாமல் போவது இந்த நேரம்தான். ரொக்க நோயாளி, டிபிஏ நோயாளி (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம் பார்க்கும் இடைநிறுவனம் வழியாக வருபவர்), மத்திய அரசின் சிஜிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தில் வரும் ஓய்வூதியர் மூவரையும் ஒரே அட்டவணையில் கலந்து சராசரி எடுத்தால் எதுவுமே தெரியாது. காப்பீட்டு ஒழுங்காணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில் நோயாளி பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் முறையில் முன் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. டிபிஏ நோயாளிகளைத் தனியே பிரித்தால்தான் தாமதம் காப்பீட்டுக்காரரிடமா, நம் வார்டிலா என்பது புலப்படும். நான்கு வாரத் தரவாவது வேண்டும். ஞாயிறும் மாதக் கடைசியும் அதில் அடங்கியிருக்க வேண்டும். சராசரியோடு இடைநிலை மதிப்பையும் கொடுங்கள்.

கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. 200 படுக்கை, 30 நாள் என்றால் 6,000 படுக்கை நாட்கள். அதில் 4,800 நாட்கள் நிரம்பியிருந்தால் 80 விழுக்காடு. அந்த மாதம் 1,200 பேர் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தால் சராசரித் தங்கல் நான்கு நாள். டிஸ்சார்ஜை ஆறு மணி நேரம் முன்னதாக்கினால் 300 படுக்கை நாட்கள் மிச்சம், கூடுதலாக 75 நோயாளிகளைச் சேர்க்கலாம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால், நள்ளிரவில் படுக்கையில் இருப்பவர்களை எண்ணும் சென்சஸ்படி நாள் எண்ணப்படுகிறது. மாலை 4 மணிக்குப் போகிறவரைக் காலை 10 மணிக்கே அனுப்பினாலும் சராசரித் தங்கல் ஒரு புள்ளிகூட நகராது. பலன் தெரிவது வேறிடத்தில்: எமர்ஜென்சியில் படுக்கைக்காகக் காத்திருக்கும் நேரத்தில். அதை அளந்து எழுதியிருந்தால் வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் யாரும் மடக்க முடியாது.

அனுமதிக் கடிதத்தை மெடிக்கல் சூப்பரின்டென்டென்டிடம் ப்ராஜெக்டின் முன்வரைவான சினாப்சிஸைக் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். தரவிலிருந்து நோயாளியின் பெயர், போன் எண், மருத்துவமனை தரும் யுஎச்ஐடி எண் மூன்றையும் நீக்கிய பிறகே வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். கைடின் பயோடேட்டாவில் கையெழுத்து இல்லாததால் சினாப்சிஸ் திரும்பி வருவது சர்வ சாதாரணம்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் நீளமாக விடை எழுதுவதுதான் பெரிய மலைப்பு. விஷயத்தைத் தமிழிலேயே பேசிப் புரிந்துகொண்டு, பிறகு பழைய வினாத்தாளை வைத்து நேரம் குறித்து எழுதிப் பழகினால் கை பழகிவிடும். ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே போதும்.

மருத்துவமனை நிர்வாகங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: படிக்கும் ஊழியர்களின் பட்டியலை எடுத்து, ஜூன், டிசம்பர் தேர்வு நாட்களில் அவர்களுக்கு நைட் ட்யூட்டி போடாதீர்கள், ரோஸ்டரை ஒரு மாதம் முன்பே வெளியிடுங்கள். ப்ராஜெக்ட் அனுமதிக்குக் குவாலிட்டி பிரிவில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில், இத்தகைய விளம்பரங்கள் வரும் நாளில், டெப் பட்டியலைச் சரிபார்க்கும் முறையை நாலு வரியில் அருகிலேயே வெளியிட்டால் பலருக்குப் பணம் மிஞ்சும்.

இப்படிக்கு,
மருத்துவமனை நிர்வாகத் துறையினர் சிலர்,
மயூர் விஹார், புது தில்லி