மீனாவுக்கு, அந்த வீட்டைப் பற்றி

அன்புள்ள மீனா,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். வீட்டுப் படங்கள் பார்த்தோம். சமையலறை நல்ல வெளிச்சம். சொந்தச் சம்பளத்தில் வாங்குகிறாள் என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். ஆனால் இங்கிலாந்தில் இத்தனை ஊர் இருக்க, வெள்ளம் வருகிற ட்யூக்ஸ்பரியிலா?

2007 ஜூலையில் நீ சின்னப் பெண். குளோஸ்டரில் நம் குழாய் வறண்டதும், அப்பா வாளியோடு வரிசையில் நின்றதும் உனக்கு விளையாட்டு. ட்யூக்ஸ்பரியில் இருக்கிற மைத் குடிநீர் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்துதான் 3.5 லட்சம் பேருக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு வாரத்துக்கு மேல் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை.

ஆறு எட்டத்தில் இருக்கிறது என்கிறாய். ஜூலை 20 மழையில் முதலில் வீடுகளுக்குள் ஏறியது பெரிய ஆறுகள் இல்லையம்மா. சுவில்கேட், கேரண்ட் என்கிற சின்ன ஓடைகள். செவர்னும் ஏவனும் அப்புறம்தான் பெருகி வந்தன. இரண்டும் கூடுகிற இடத்தில் இருக்கிற ஊர், போக வர வழியில்லாமல் தீவாகிவிட்டது. 1121இலிருந்து நிற்கிற அந்தப் பழைய அபே தேவாலயத்துக்குள்ளேயே தண்ணீர் போனது. மூன்று பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் ஒரே வீட்டு அப்பாவும் மகனும்.

வாங்காதே என்று சொல்லவில்லை. 2007இல் அந்த வாசலுக்குத் தண்ணீர் வந்ததா என்று பக்கத்து வீட்டில் கேள், விற்கிறவரிடம் மட்டும் கேட்காதே. வீடு கட்டிய வருடத்தைப் பார். 2009க்கு முன் கட்டியதென்றால் வெள்ளம் வரக்கூடிய வீடுகளுக்கான ஃப்ளட் ரீ என்கிற திட்டத்தால் காப்பீடு கட்டுப்படியாகும், புது வீட்டுக்கு அது கிடையாது. ஓடை எவ்வளவு தூரம், அதைக் கட்டாயம் பார்.

கடன் விண்ணப்பத்தில் உன் பெயர் மட்டும் என்று எழுதியிருந்தாய். சில பேர் அப்படிச் செய்வதுண்டு என்கிறார் அப்பா. சரி. மாப்பிள்ளை வீட்டை வந்து பார்த்தாரா? வெள்ளம் வந்தால் சோபாவை மாடிக்குத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். தீபாவளிக்கும் நீ தனியாகத்தான் வந்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒருத்தியே தூக்க முடியாது மீனா. ஓடையைப் பார்.

சனிக்கிழமை நாங்கள் அங்கே வருகிறோம். மாப்பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருகிறோம். வேலை இருக்கிறது என்று சொல்லாதே.

அம்மா