சங்கரனுக்கு, முசாஷியைப் பற்றி

அன்புள்ள சங்கரா,

கடிதம் கிடைத்தது. உன் மகள் கோயம்புத்தூருக்கே மாற்றலாகி வந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இனி பேரனைப் பார்க்க ரயில் டிக்கெட்டுக்கு அல்லாட வேண்டாம். இங்கே பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. மொட்டைமாடி ஒழுகலை ஒருவழியாக அடைத்தாயிற்று. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். என் வீட்டுக்காரிதான் நம்ப மறுக்கிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானிய நடிகர் மிஃபுனே, முசாஷி என்ற வாள்வீரனாக நடித்த மூன்று சாமுராய் படங்களையும் முடித்துவிட்டேன், அடுத்து எதைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். அதே கதையை இன்னொரு தடவை பார். சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நீ பார்த்தது இனாககி ஹிரோஷி 1954இலிருந்து 1956 வரை எடுத்தது. அந்தக் கதையையே 1961இலிருந்து 1965 வரை வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து படங்களில் எடுத்தார் உச்சிதா தோமு. இதில் முசாஷியாக வருபவர் நகாமுரா கின்னொசுகே. இரண்டுக்கும் மூலம், 1935 முதல் 1939 வரை அசாஹி பத்திரிகையில் யோஷிகாவா எய்ஜி எழுதிய தொடர்கதைதான். அதனால் செகிகஹாரா போர்க்களத்தில் தொடங்கி, தகுவான் சாமியார் முசாஷியை மரத்தில் கட்டித் தொங்கவிடுவது, ஹிமெஜி கோட்டையில் புத்தகங்களோடு அடைத்து வைப்பது, கடைசியில் தீவில் எதிரி வாள்வீரன் கொஜிரோவோடு சண்டை என்று எல்லாம் உனக்குத் தெரிந்த கட்டங்களாகவே வரும்.

மிஃபுனே படங்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மூன்றாவது படத்தில் சத்திரத்துக் காட்சி ஞாபகம் இருக்கிறதல்லவா? முரட்டுப் பசங்கள் வம்புக்கு வந்து நிற்கிறார்கள். இவன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். மொய்க்கிற ஈயைச் சாப்பிடும் குச்சியாலேயே ஒன்று, இரண்டு என்று பிடித்துப் போடுகிறான். கத்தியில் கை வைக்கவே இல்லை, வந்தவர்களுக்கு முகம் வெளுத்துவிடுகிறது. பின்னால் ஹாலிவுட்டில் கராத்தே படத்தில்கூட குச்சியால் ஈ பிடித்தார்கள். ஆனால் மிஃபுனே மாதிரி அலட்சியமாகப் பிடிக்க ஆள் கிடையாது.

என் குறை வேறு. இரண்டாவது படத்தின் இச்சிஜோஜி சண்டை. விடியற்காலை, சேற்று வயல், எண்பது பேருக்கு எதிராக ஒருவன். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தொடர்கதையில் அந்தச் சண்டைக்கு யோஷியோகா வாள்பயிற்சிப் பள்ளியார் தங்கள் தலைவன் என்று பெயருக்கு ஒரு சிறுபிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தலைவனை வீழ்த்தினால்தான் சண்டை முடிந்ததாகக் கணக்கு. முசாஷி அந்தப் பிள்ளையையும் கொல்கிறான். இனாககி படத்தில் அந்தப் பிள்ளையே இல்லை.

உச்சிதா அதை விடவில்லை. 1964இல் வந்த நான்காவது படத்தில் அதுதான் உயிர்நாடி. கலர் படம், சண்டை வந்ததும் கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது. முசாஷி மேட்டிலிருந்து இறங்கி நேராக அந்தப் பிள்ளை இருக்கிற மரத்தடிக்குத்தான் ஓடுகிறான். பெரியவர் ஒருவர் பிள்ளையைக் கட்டிக்கொண்டு மறைக்கிறார். அப்புறம் வயலில் நடப்பதைச் சண்டை என்றே சொல்ல முடியாது. இவனும் பயந்து ஓடுகிறான், துரத்துகிறவர்களும் பயந்துதான் துரத்துகிறார்கள். வழுக்குகிறார்கள், விழுகிறார்கள், கத்துகிறார்கள். பிள்ளையைக் கொன்றவன் என்ற பழி ஐந்தாவது படத்திலும் அவனை விடுவதில்லை. அதுவரை வித்தை கற்க ஊர் ஊராய்ப் போனவன், அதற்கப்புறம் நடப்பது எனக்குத் தண்டனை மாதிரிதான் தெரிகிறது.

முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். மிஃபுனே துடுப்பைச் செதுக்கிய மரக்கத்தியால் கொஜிரோவை வென்றுவிட்டு, திரும்பும் படகில் கண் கலங்குவார். நல்ல எதிரி போய்விட்டானே என்று. கின்னொசுகே தன் கைகளைப் பார்க்கிறார், அதுவரை சிந்திய ரத்தமெல்லாம் கண்முன் வருகிறது. கத்தி என்பது கடைசியில் வெறும் ஆயுதம்தானா என்று கேட்டுவிட்டு, ஜெயித்துக் கொடுத்த மரக்கத்தியைக் கடலில் வீசுகிறார். உச்சிதா போர்க்காலத்தில் மஞ்சூரியாவுக்குப் போய், போர் முடிந்தும் பல வருஷம் சீனாவிலேயே இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருக்கு இந்தக் கதையை வீரக்கதையாக மட்டும் எடுக்க மனசு வந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இனாககியின் முதல் படத்தில் முசாஷியின் உதவாக்கரைச் சிநேகிதன் மத்தஹாச்சியாக வருவாரே மிகுனி ரென்டாரோ, அவர்தான் உச்சிதா படங்களில் தகுவான் சாமியார்! அத்தோடும் விடவில்லை. 1971இல் வந்த உச்சிதாவின் கடைசிப் படத்தில், சங்கிலி கட்டிய அரிவாளைச் சுழற்றும் பைக்கெனும் அவரே. அந்தப் படம் வெளிவருமுன்பே உச்சிதா காலமாகிவிட்டார். அதில் முசாஷி பைக்கெனின் கைக்குழந்தையைப் பிணையாகப் பிடித்துக்கொள்கிறான். குழந்தை விஷயத்தை அந்த மனுஷர் கடைசிவரை விடவில்லை பார்.

கொஜிரோவில் மட்டும் என் ஓட்டு பழைய படத்துக்கே. உச்சிதா படங்களில் கொஜிரோவாக வருவது தகாகுரா கென், பெரிய நடிகர்தான். ஆனால் பழைய படத்தின் சுருதா கோஜியின் அந்த மிடுக்கும் திமிரும் இவருக்கு ஒட்டவில்லை.

முதல் இரண்டு படங்கள் கொஞ்சம் மெதுவாகப் போகும். பாதியில் நிறுத்தாதே. நான்காவதை ராத்திரி பார்க்காதே, தூக்கம் வராது. பார்த்துவிட்டு எழுது, போன் வேண்டாம், போனில் நீ நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாய். தங்கைக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
சேது

பி.கு: பேரனுக்குப் பத்து வயதாவது ஆகட்டும், அப்புறம் மிஃபுனே படங்களைக் காட்டு. உச்சிதா இப்போதைக்கு உனக்கு மட்டும்.